லேட் இல்லாத நாட்கள்

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அந்த வாரம் முழுக்க நான் சரியாகவே சாப்பிடவில்லை. முதல் மூன்று நாள் என் வகுப்பு ஜெபாவின் மேல் கோபம். அதற்கப்புறம் என் மேலேயே.

எல்லாம் ஒரு போர்டால் வந்த வினை. கும்மிடிப்பூண்டியில் என் நைனா வேலை செய்யும் இரும்புக் கம்பெனியின் வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு இருக்கிறது. தினமும் அதில் நாள் கணக்கு ஏறும்; ஒரு விபத்து நடந்தால் சைபராகிவிடும். எங்கள் ஏழாம் வகுப்பில் பாதிப் பேரின் அப்பா அம்மாவுக்குக் கம்பெனி வேலைதான். அதனால், வகுப்பு லீடரான நான் கரும்பலகை மூலையில் கட்டம் போட்டு, 'லேட் இல்லாத நாட்கள்' என்று எழுதியதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தர் லேட்டானாலும் மறுபடி சைபர். நாற்பது நாளைத் தொட்டால் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போவதாகத் திலகவதி டீச்சர் சொன்னார்.

இரண்டாவது வாரமே ஜெபா பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். எட்டு, சைபராகிவிட்டது. வகுப்பே அவளைத் திட்டியது. சோனியா இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. நான் சும்மா இருப்பேனா?

"லேட்டா வர்றதுக்கு நீ வராமயே இரு. ஆப்சென்ட் ஆனா போர்டு சைபராவாது" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் போர்டு ஜோராக ஏறியது. பத்து, இருபது, முப்பது. ஜெபா மட்டும் சில வாரம் வருவாள், சில வாரம் வரவே மாட்டாள். கேட்டால் காய்ச்சல் என்பாள். அந்த வாரமும் மூன்று நாளாக ஆளைக் காணோம். எங்கள் குழுவின் அறிவியல் சார்ட் அவளிடம்தான் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம், நன்றாகச் சண்டை போடுவது என்று முடிவு செய்து அவள் வீட்டுக்குப் போனேன்.

காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நான் கத்தக் கத்தக் கேட்டுவிட்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அவள் அம்மாவுக்குக் காலை ஷிப்ட் வரும் வாரங்களில், விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். தம்பியை அங்கன்வாடியில் விடுவது ஜெபாவின் பொறுப்பு. அங்கன்வாடி திறப்பதே ஒன்பது மணிக்கு. எங்கள் பள்ளி மணியும் ஒன்பதுக்குத்தான். எவ்வளவு ஓடி வந்தாலும் பத்து நிமிடம் ஆகிவிடும்.

"நீதான வராதேன்னு சொன்ன? இப்போ பாடம் ஒண்ணுமே புரியல. அம்மாகிட்ட சொல்லி, டி.சி. வாங்கிக்கினு பெரியம்மா ஊட்டுக்கே போயிடப் போறேன்" என்றாள்.

சண்டை போடப் போன எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பத்து நிமிடத்தில் எந்தக் குடி முழுகிப் போயிருக்கும்? ஏன் லேட்டாகிறது என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டேனா? பெரிய லீடர்!

"நாளைக்கு வா. லேட்டாவே வா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தானும் நம்பரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் வருத்தப்பட்டார். மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்ததும், கட்டத்தில் இருந்த முப்பத்து மூன்றை அழித்து சைபர் போட்டேன். மேலே 'எல்லோரும் வந்த நாட்கள்' என்று மாற்றி எழுதினேன்.

வகுப்பில் ஒரே கூச்சல். சோனியா எழுந்தே விட்டாள்.

"இன்னும் ஏழு நாள்தான்டி இருந்துச்சு. உனுக்கு இன்னா பைத்தியமா?"

எனக்கும் ஆத்திரம் பொங்கியது.

"ஜெபாவத் துரத்தி உட்டுட்டுத்தான் இந்த நம்பர ஏத்தினோம். அதக் காட்டிக்கினு பழவேற்காட்டுக்குப் போக வெக்கமா இல்ல?"

பிறகு அவள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கடைசி பெஞ்சு அன்புச்செல்வன் மெல்ல வாய் திறந்தான். அவன் அப்பா வேலையில் விரலை வெட்டிக்கொண்டபோது, கம்பெனி போர்டு சைபராகிவிடுமே என்று வெளியே சொல்லாமல் மறைத்தாராம். விரல் சீழ் பிடித்துவிட்டதாம்.

ஒன்பது பத்துக்கு ஜெபா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். போர்டில் சைபரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. டீச்சர் உள்ளே வரச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

சோனியாவின் முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. ஆனாலும் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். முப்பத்தெட்டு. ஒருத்தர்கூடக் குறையவில்லை. விடுவிடுவென்று போர்டுக்குப் போய், சைபரை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.