வீட்டை நோக்கி ஒரு கோடு

விடியற்கால சுபுஹு பாங்கு ஓய்ந்து, காஜிமார் தெருவுக்குள் பால்வண்டி கூட இன்னும் நுழையாத நேரத்தில், தவ்பீக் காலை சவாரியை முடித்துவிட்டதாக சுஃபியாவின் செல்போன் ஒரு சின்ன மணியடித்துச் சொன்னது. தவ்பீக் அவள் கணவன். அவனை அடக்கம் செய்து நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாகிவிட்டது.

தொழுகை விரிப்பில் உட்கார்ந்தபடியே அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் மிரட்டிய பிறகு சைக்கிளைப் பிடித்தவன் அவன். ஹேண்டில்பாரில் ஒரு ஜிபிஎஸ் கருவியை மாட்டிக்கொண்டு, போன வழியையெல்லாம் ஆப்பில் ஏற்றி, அதில் இருக்கும் சைக்கிள்காரர்கள் கைதட்டுவதை சின்னப்பிள்ளை மாதிரி அவளிடம் காட்டுவான். ஒவ்வொரு சவாரிக்கும் அவனே ஒரு பெயர் வைப்பான். ‘பரவை வரை பசியோடு’, ‘பொண்டாட்டி திட்டுவதற்குள்’. இன்று வந்ததற்குப் பெயர் இல்லை. வெறும் ‘காலை சவாரி’.

வரைபடத்தைத் திறந்தாள். சமயநல்லூர் தாண்டி, நாலுவழிச் சாலையில், லாரி அவனை இழுத்துக்கொண்டு போன அதே இடத்தில் ஒரு ஆரஞ்சுக் கோடு தொடங்கி, நகக்கண் அளவு மதுரைப் பக்கமாக நகர்ந்து நின்றிருந்தது. வேகம், நடக்கிறவனின் வேகம். இதயத் துடிப்பு என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் அவள் இருந்தாள். வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாது. தவ்பீக்கோடு சைக்கிள் ஓட்டிய அருண்பாண்டிக்குப் போன் போட்டாள். தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். விபத்தன்று தவ்பீக்குக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன்.

“பயப்படாதீங்க தங்கச்சி. அன்னைக்கு அந்த மிஷின் மட்டும் கெடைக்கலைல்ல? எவனோ பெறக்கி வச்சிருக்கான். ஆன் பண்ணிப் பாத்திருப்பான், அம்புட்டுதான்.”

“நடக்குற வேகம்னு காட்டுதுண்ணே.”

“ஆடு மேய்க்கிறவனா இருக்கும். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. “கோடு முடியிற எடத்துல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. வெறும் முள்ளுக்காடு. ஒரு ஆளு, ஒரு ஆடு கூட இல்ல.”

மறுநாள் பாங்குக்குப் பிறகு மறுபடி மணியடித்தது. முந்தைய கோடு எங்கே நின்றதோ அங்கிருந்து புதுக்கோடு கிளம்பியிருந்தது. அதற்கடுத்த நாளும்.

ஆப்பில் இருந்த நண்பர்கள் முதலில் அழுதார்கள். ‘மாப்ள, எங்கடா இருக்க’ என்று மலைச்சாமி என்பவன் எழுதியிருந்தான்; பகலுக்குள் அதை அழித்துவிட்டான். கோடு பரவையைத் தொட்ட வாரத்தில் ஒருவர் பின் ஒருவராக தவ்பீக்கைப் பின்தொடர்வதை விட்டு விலகினார்கள். கடைசியில் அருண்பாண்டியும்.

“மன்னிச்சிருங்க தங்கச்சி. என் வீடு விளாங்குடி. அது எங்க தெரு வழியாத்தான் வரணும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

பிறகு அந்தக் கோட்டைப் பார்க்க இந்த உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். சுஃபியாவும், அவள் மாமனார் முகம்மது கனியும்.

அவரிடம் அவள் மறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் மணிச்சத்தம் கேட்டதும், முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் அறை வாசலுக்கு வந்து நிற்பார். பெஞ்சாதியை முன்பே பறிகொடுத்தவர். தவ்பீக் அவருக்கு ஒரே மகன்.

“இன்னைக்கு எங்கம்மா வந்திருக்கான்?”

“விளாங்குடி, மாமா.”

“நடந்தே வாரான். அம்புட்டுத் தூரம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலு என்ன கதியா இருந்துச்சு தெரியுமாம்மா உனக்கு? அந்தக் காலை வச்சிக்கிட்டு நடந்து வாரான்.”

அவளுக்குத் தெரியாது. கடைசியாக அவளுக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணியைத் தூக்க விடவில்லை. வேண்டாம்மா, வேண்டாம் என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ராத்திரிகளில் அவள் நினைப்பெல்லாம் அந்தத் துணிதான். அதற்கடியில் இருந்தது எதுவோ, அது இப்போது எழுந்து, சாலையோர மண்ணில், லாரி வெளிச்சங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, நசுங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு விடியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் வந்துகொண்டிருந்தது.

கோடு ஆரப்பாளையத்தில் நின்ற அன்று முகம்மது கனி கேட்டார். “நாளைக்கு வாசக்கதவைத் தாப்பா போடாம விட்டுருவோமா?”

“மாமா, அவரை நீங்கதானே குழியில எறக்குனீங்க.”

“எறக்குனேன்.”

“அப்ப வாரது யாரு?”

“யாரா இருந்தா என்னம்மா” என்றார்.

அன்று அவளே தாழ்ப்பாள் போட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. பூட்டையும் மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விடியலில் பாங்கு முடிந்ததும் தெரு வழக்கத்தை விட அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. சாக்கடை வாடைக்கும் பக்கத்து வீட்டு சாம்பிராணிக்கும் நடுவே வேறொரு வாசனை மெல்ல ஏறி வந்தது. செயின் எண்ணெய். வெயிலில் காய்ந்த வியர்வை. அவன் குளிக்கப் போகுமுன் கழற்றிப் போடும் பனியனை முகத்தில் வைத்து அழுத்தினாற்போல அத்தனை அருகில் அவன் வாசனை. அதற்கு அடியில், மண்.

பிறகு அந்தச் சத்தம். மிதிக்காமல் உருட்டும்போது பின்சக்கரம் எழுப்பும் கட்கட்கட். தெருமுனையில். மளிகைக்கடை தாண்டி. மெதுவாக. ஒரு கால் இழுபடும் சத்தம் அதோடு கலந்து வந்தது.

நின்றது.

அவள் கையில் செல்போன் மணியடித்தது. கோட்டின் முனை அவள் வீட்டு வாசலில் இருந்தது.

கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. ஆனால் மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நெற்றியைச் சாய்த்தது அவளுக்குத் தெரிந்தது. கதவு லேசாக முனகியது. அவளும் இந்தப் பக்கம் நெற்றியைச் சாய்த்தாள். சாவி விரலுக்குள் இருந்தது. ஒரு கணம் அது பூட்டைத் தொட்டும் விட்டது.

அப்போது கதவின் அடியிலிருந்து ஏதோ கசிந்து வந்து அவள் பெருவிரலை நனைத்தது. குளிர்ந்திருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

“வேணாங்க” என்றாள். “உள்ள வராதீங்க. போயிருங்க. உங்களை நான் பாக்க மாட்டேன். என்னால முடியாதுங்க.”

அசைவில்லை.

பிறகு கட்கட்கட். விலகியது. வீட்டின் பக்கச் சந்து வழியாக, சுவரை உரசிக்கொண்டு, பின்புறமாக. அங்கே சற்று நின்றது. மறுபடி தேய்ந்து போனது. சுஃபியா தரையில் சரிந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். துரத்திவிட்டாள். அம்புட்டுத் தூரம் நடந்து வந்தவனை வாசலோடு துரத்திவிட்டாள்.

அழுகை ஓயுமுன்பே முதுகில் காற்றுப் பட்டது.

அடுப்படிப் பக்கமிருந்து காற்று.

“மாமா?”

பின்கதவு அகலத் திறந்திருந்தது. முகம்மது கனியின் கட்டிலில் போர்வை மடிக்கப்பட்டிருந்தது. அவர் செருப்பு பின்வாசற்படியிலேயே கிடந்தது. இத்தாவை மறந்து, தலையில் முக்காடு கூட இல்லாமல் அவள் சந்துக்கு ஓடினாள்.

சாம்பல் வெளிச்சத்தில், சந்தின் கடைசியில், அவர் போய்க்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்தார். சுவரைப் பிடிக்காமல் நாலடி நடக்க முடியாதவர், கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, லேசாகக் குனிந்து, இன்னொரு கையை இடுப்புயரத்தில் நீட்டியபடி. சைக்கிள் பழகும் பிள்ளை விழுந்துவிடாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும் தகப்பனைப் போல. அந்தக் கைக்கு முன்னால் எதுவுமே இல்லை. ஆனால் ஈரத்தரையில், அவர் பாதங்களுக்குப் பக்கத்தில், கோணலாக ஒரு டயர்த்தடம் அவரோடு சேர்ந்து நீண்டுகொண்டே போனது.

“மாமா! விட்டுருங்க! கையை எடுத்துருங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்த முகம். கையை எடுக்கப் பார்த்ததும் தெரிந்தது. தோள் ஒருமுறை வெட்டி இழுத்தது. கை வரவில்லை. சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் அவளிடம் எதையோ கெஞ்சின. சந்து முனையில் திரும்பினார். மறைந்தார்.

அவள் முனைக்கு ஓடி வந்தபோது தெரு கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலியாகக் கிடந்தது.

செல்போனில் கோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆரப்பாளையம். விளாங்குடி. நடை வேகம் இல்லை. எந்த மனிதக் காலும் ஓட முடியாத வேகம். இதுவரை காலியாகவே இருந்த இதயத் துடிப்புக் கட்டத்தில் ஒரு எண் வந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.