மெதுவான பாட்டு வேண்டாம்

பாட்டை நிறுத்திய பிறகும் இரண்டு மூச்சு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது.

லியோனி கைபேசியைப் பார்த்தாள். நிறுத்தித்தான் இருந்தது. ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டிப் பார்த்தாள். அதில் சத்தமே இல்லை. முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. இரண்டு வாரமாக லீவே இல்லாமல் கிழங்களைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, கால்கள் தன்னுடையவைதானா என்று தெரியாத அசதியில் வீட்டுக்கு வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் பின்பக்கத் துறைக்கு இறங்கி, கட்டியிருந்த படகில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கணவன் டாரிலின் பிறந்தநாள். ஹாக்ஸ்பரி ஆற்றில் நாள் முழுக்கப் படகு. சாப்பாடு டாரிலின் தங்கை மாக்சின் பொறுப்பு. பாட்டு இவள் பொறுப்பு.

இன்னொரு பாட்டைப் போட்டாள். கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி பாடுவது, மெதுவானது. கடலோடு சேர்ந்து வற்றத் தொடங்கிய ஆற்றிலிருந்து சேற்றின் வாடையும் சிப்பியின் உப்பு வாடையும் எழுந்து வந்தன. பாட்டின் இரண்டாவது அடியில் அது மறுபடி சேர்ந்துகொண்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு, பாடுகிறவளுக்கு ஒரு படி கீழே, கூடவே முனகுவது. காதில் கேட்டதைவிடக் காலில்தான் அதிகம் தெரிந்தது, படகின் அலுமினியத் தகடு வழியாக.

துள்ளல் பாட்டுகளைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தாள். அவற்றுக்கு அது வரவில்லை.

மேலே கரையில் டாரில் தூண்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டாரில், படகுக்கு அடியில ஏதாவது லூசா இருக்கா?"

"உனக்குத்தான் லூசா இருக்கு. போய்ப் படு லியோ. இப்படியே போனா நாளைக்கு எனக்கும் கழுத்துல துண்டு கட்டி ஊட்டிவிடுவ."

வாதாடத் தெம்பில்லை. மெதுவான பாட்டுகளை எல்லாம் அழித்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் வெயில் நன்றாகவே இருந்தது. பெரிய ஆற்றிலிருந்து ஒரு கிளைக்குள் திரும்பி, செங்குத்துப் பாறைகளின் நிழல் தொடாத இடத்தில் நங்கூரம் போட்டார்கள். வேறு படகே இல்லை. இறாலை உரித்து வெள்ளை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார்கள். டிரம்ஸ் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, என்ன பாட்டு இதெல்லாம்? ஜிம்முக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு," என்றாள் மாக்சின். இரண்டு பீருக்குப் பிறகு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

டாரில், கல்யாண மோதிரம் மின்ன, இடது கையை நீட்டினான். "போதும் இந்த டமாரம். நம்ம கல்யாணத்துல ஆடினோமே, அதைப் போடு."

"அது இதுல இல்ல."

"இல்லன்னா தேடிப் போடு. என் பொறந்தநாள்தானே?"

"வேண்டாம் டாரில்."

"ஏன்?"

சொல்லலாம். ஆனால் சொன்னால் முதலில் சிரிப்பான். பிறகு கேள்வி கேட்பான். பிறகு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வான். அத்தனை சொற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

"சும்மாதான்," என்றாள். கைபேசியைக் கொடுத்துவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. கடலேற்றமும் வற்றமும் இல்லாமல் ஆறு அசைவற்றுக் கிடந்தது. முதல் அடி போனது. இரண்டாவது அடியில் அவள் உள்ளங்கால் கூசியது.

டாரில் தலையைச் சாய்த்தான். "யாரு கூடப் பாடறது? மாக்ஸ், நீயா?"

மாக்சினின் குறட்டை மட்டும் வந்தது. அவன் குதிகாலால் தகட்டைத் தட்டினான். முனகல் சற்று உரத்தது.

"அடியில என்னமோ மாட்டியிருக்கு. பாட்டோட அதிர்வுக்கு அதுவும் அதிருது."

"போகாத."

"பாத்துட்டு வந்துடறேன். அப்படியே ஒரு முங்கு."

அவன் குதித்தான். பச்சைத் தண்ணீர் பிளந்து, மூடிக்கொண்டது. அவள் பாய்ந்து பாட்டை நிறுத்தினாள்.

முனகல் நிற்கவில்லை. படகின் மூக்குப் பக்கமிருந்து மெல்ல நடுவுக்கு வந்தது. அவள் காலடிக்கு வந்தது.

பிறகு அதுவும் நின்றது.

குமிழிகள் வந்தன. பிறகு குமிழிகள் இல்லை.

"டாரில்."

பாறையில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது. மாக்சினை எழுப்பத் திரும்பினாள்.

பின்பக்க ஏணி இழுபட்டது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒட்டிக்கிடந்த முடி. நெற்றி. டாரிலின் முகம். சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு ஏணியை நோக்கிப் போனாள்.

"பயமுறுத்திட்ட," என்றாள்.

அவன் முனகினான். அவள் நிறுத்திய இடத்திலிருந்து, அந்தப் பாட்டை. வாய் மூடியே இருந்தது. உதட்டோரம் தண்ணீர் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

அவள் காலடியில், தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து, ஓர் அறை விழுந்தது.

உள்ளங்கை. மறுபடி. இரண்டு கைகளும். தாளம் இல்லாமல், வேகவேகமாக. ஒவ்வொரு அறையோடும் சின்னதாக ஓர் உலோகச் சத்தம்.

மோதிரம்.

ஏணியில் நின்றவன் இடது கையை அவளிடம் நீட்டினான். வெளுத்த விரல்கள். ஒன்றிலும் எதுவும் இல்லை.

அவள் துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

அடியில் அறை தளர்ந்தது. மோதிரம் ஒருமுறை தட்டியது. பிறகு, நெடுநேரம் கழித்து, இன்னொரு முறை.