இரண்டு மண்மேடுகள்

அந்த வருடம் ஐப்பசி மழை கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. மண்மேடுகள் கரைந்து, மரச்சிலுவைகள் சாய்ந்து கிடந்தன.

கல்லறைத் திருநாள் வருகிறதே! சபை வாலிபர்கள் சிலுவைகளை எல்லாம் பிடுங்கி, மதிலோரம் சாத்தி, ஒரே மூச்சில் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தாரால் எழுதியிருந்த பெயர்கள் மறைந்தே போயின.

சிமெண்டுக் கல்லறை கட்டியவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் வேப்பமரத்தையும் மதிலையும் அடையாளம் வைத்துத் தங்கள் மேட்டைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் அடுத்தடுத்து இரண்டு மேடுகள் மிஞ்சின. ஒன்று கிருபாபாயின் அம்மாவுடையது. எது?

அப்பாவுக்கு ராஜபாளையம் மில்லில் ஷிப்டு. கேந்திப்பூச் சரத்தோடு கிருபாபாய் தனியாக வந்திருந்தாள்.

சபைக் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தவசிமுத்து தலையைச் சொறிந்தார். “நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சானுவ.”

“நல்லா செஞ்சானுவ!” என்று வெடித்தாள் செல்லத்தாய். மற்ற மேடு அவள் புருஷனுடையது. “இருந்தப்பம் வாடகை கட்ட ஏலாம வீடு வீடா மாறுனோம். செத்த பொறவும் அவியளுக்கு ஒரு எடம் நிக்கலையே!”

ஒரு சிலுவையை எடுத்து வலதுபக்க மேட்டில் ஓங்கி ஊன்றினாள். “இதுதான் எங்க அவிய.”

“நெசமாவா அத்தை?”

செல்லத்தாய் இரண்டு மேட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். “தெரியலையேட்டி... எனக்குத் தெரியலையே.”

கிருபாபாய்க்கு அம்மா இன்னொரு தடவை செத்துப்போனது போலிருந்தது. இனி எந்த வருடம் வந்தாலும் தெரியப் போவதில்லை.

பிறகு பூச்சரத்தை நீளமாக விரித்து, இரண்டு மேட்டுக்கும் குறுக்கே போட்டாள்.

“மாமா பேரு என்ன அத்தை?”

“ஐயாதுரை.”

அவள் குனிந்து, மண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “ஐயாதுரை மாமா, எங்கம்மாவுக்கு இருட்டுன்னா பயம். பேச்சுத்துணைக்கு இருங்க.”

அழுகைக்கு நடுவில் செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்ல ஆளைப் பிடிச்சட்டி! அவியளுக்கும் இருட்டுன்னா பயம்தான்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து மெழுகுவர்த்தியை எடுத்தாள். அதை ஊன்ற, இரண்டு மேட்டுக்கும் நடுவில் கிருபாபாய் குழி தோண்டினாள்.