முதல் இருபது விநாடி

செவ்வாய்க் குடியிருப்பின் மூன்றாம் குமிழில் ஆளுக்கு அறுபது கிலோ. இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை பூமியிலிருந்து கப்பல் வரும். அதில் அறுபது கிலோவுக்குள் எதை வேண்டுமானாலும், யாரை வேண்டுமானாலும் வரவழைத்துக்கொள்ளலாம். போன கப்பலில் தம்பியா, கிரைண்டரா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பஞ்சாபகேசன் கடைசியில் கிரைண்டரை வரவழைத்தார். குமிழில் ஒருத்தரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் அவரிடம் இட்லி வாங்கப் போகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

பக்கத்து அறை தில்லைநாயகத்துக்கு இந்தத் தடவை ஹெட்போன் கவலை. டைனமிக்கா, எலெக்ட்ரோஸ்டாட்டிக்கா? குமிழின் காட்சிக்கூடத்தில் மாதிரிக்கு இரண்டும் இருந்தன. சொந்தமாக வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். முதலாவதில் சுருளும் காந்தமும் சேர்ந்து சவ்வைத் தள்ளும். மிருதங்கத்தின் இடந்தலை முழக்கம் நெஞ்சிலேயே வந்து விழும். பெட்டியோடு ஒரு கிலோ. இரண்டாவதில் தலைமுடியைவிட மெல்லிய படலம் ஒன்று மின்புலத்தில் மிதக்கும். பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் அதை மிதக்க வைக்கத் தனியாக ஒரு மின்பெட்டி வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ.

ஒப்பிட்டுப் பார்க்க அவன் எடுத்துக்கொண்டது, மயிலாடுதுறையிலிருந்து மனைவி கோமளவல்லி அனுப்பியிருந்த பதினோரு நிமிடப் பேச்சு. அதில் முதல் இருபது விநாடி போதும். "ஏங்க, நல்லாயிருக்கீங்களா? சாப்பாடெல்லாம் ஒழுங்கா நடக்குதா?" அதற்குள் ஒரு வளையல் சத்தம், ஒரு குக்கர் விசில், தெருவில் ஒரு ஸ்கூட்டர். சோதனைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காட்சிக்கூடத்து ரோபோ இசைவன் பொறுமைசாலி. "மீதியையும் போடட்டுமா, ஐயா?" என்று நாற்பதாவது தடவையாகக் கேட்டது.

"வேணாம்ப்பா. அவ பேசினதை ஊரே மாட்டிக் கழட்டின ஹெட்போன்ல கேக்குறது அவளுக்கு மரியாதை இல்ல. நம்மளது வரட்டும், உக்காந்து முழுசாக் கேக்குறேன். இப்ப அடுத்ததை மாட்டு."

அவன் பொய் சொல்லவில்லை. பிரிந்து இரண்டு வருஷமாகிறது. அவள் குரல் என்றால் அவனுக்கு உயிர். அதற்காகத்தான் இத்தனை பாடும். அவளுக்கு, "கிடைத்தது. பிரமாதம்" என்று பதில் போட்டான். எட்டாம் நாள் முடிவும் செய்துவிட்டான். டைனமிக்கில் கோமளம் நன்றாகத்தான் பேசினாள். எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் பக்கத்திலேயே வந்து நின்றாள். ஆறு கிலோ பதிவாயிற்று.

கப்பல் கிளம்பிய அன்று அவளிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது, முப்பது விநாடிக்கு. அதையும் புதுசில் கேட்டுக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தினான்.

ஏழு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. தில்லைநாயகம் குளித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டான். வளையல், குக்கர், ஸ்கூட்டர். இருபத்தோராவது விநாடியை முதன்முதலாகக் கடந்தான். எட்டு நிமிடம் ஊர்க்கதை. ஒன்பதாவதில் அவள் குரல் தழைந்தது.

"போதுங்க, ஆளுக்கொரு பக்கம் கிடந்தது. நானும் இந்தக் கப்பல்ல வந்துடறேன். பையோட அம்பத்தெட்டு கிலோ, நிறுத்துப் பாத்துட்டேன். அதுக்காகவே ஆறு மாசமா ராத்திரி சோறு தொடல. மிச்சம் ரெண்டு கிலோ இருக்கு. ஏதோ ஹெட்போன் வேணும்னீங்களே, அதுக்குள்ள வாங்கிக்குங்க. அதுக்கு மேல மட்டும் போயிடாதீங்க. சரின்னா ஒரு வார்த்தை அனுப்புங்க."

அவன் இரண்டு வார்த்தையாகவே அனுப்பியிருந்தான். அடுத்த செய்தியைத் தட்டினான்.

"நாலு கிலோ கூடுதலாம். ஏவுதளத்துல பையோட இறக்கி விட்டுட்டாங்க. நீங்க என்ன வாங்கியிருக்கீங்கன்னும் சொன்னாங்க. நல்லா உக்காந்து கேளுங்க."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். கதவை அறைந்து சாத்திய சத்தம். தாழ்ப்பாள் நாதாங்கியில் உரசியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

இட்லித் தட்டோடு பஞ்சாபகேசன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, சாமான் எப்படி?"

"பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு, சார்" என்றான்.

அவன் கலங்கியிருப்பதைப் பார்த்து அவர் ஆறுதலாகச் சொன்னார்: "திருப்தியில்லையா? விடு. அடுத்த கப்பலுக்கு இதைவிட உசத்தியா ஒண்ணு வருதாம்."

தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு கிலோவுக்குள்ள வருமா, சார்?"