ஜேபெக் போதும்

ஆளில்லாத அறையின் படம் எப்போதும் எடை குறைவாகத்தான் இருக்கும். விற்பனைக்கு வரும் வீடுகளை எட்டு வருடமாகப் படமெடுத்துக் கொடுப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்றுச் சுவர், மூடிய ஜன்னல், இருட்டு மூலை என்றால் கேமரா எழுதிவைக்க ஒன்றுமில்லை, ஃபைல் சின்னதாக வரும். சாமான் நிறைந்த சமையலறை என்றால் பெரிதாக வரும். அன்று மத்தியானம் கணினியில் இறக்கிய நாற்பது படங்களில், கதவு திறந்த ஒரு காலி அலமாரியின் படம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

பார்த்தாள். பார்த்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தாள். கணவர் போய் மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை, அழுகைகூட வந்தபாடில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள், அதிலும் அவளுக்கு வருத்தம் வரவில்லை. அவளை இந்த உலகத்தோடு கட்டிப்போட்டிருந்தது ஒன்றுதான். பின்னால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து கலர் பென்சிலால் தீட்டிக்கொண்டிருந்த ஏழு வயது மகள். வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தீட்டும்போது வாண்டு மூக்காலேயே ஒரு பாட்டை முனகுவாள், இரண்டு வரிக்கு மேல் தாண்டாது. அந்த முனகல் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை அம்மாவுக்கு வேலை ஓடும்.

வீடு விற்கும் கம்பெனியின் மேனேஜர் போனில் வந்தார்.

"மேடம், இனிமே ரா ஃபைல் அனுப்பாதீங்க. எங்க சிஸ்டம் திணறுது. ஜேபெக் போதும்."

"மூலையெல்லாம் இருட்டா விழுமே சார்."

"விழட்டும். வீடு வாங்க வர்றவங்க மூலையையா பாக்கப் போறாங்க?"

அவளுடைய கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாகவும் சேமிக்கும். ரா என்பது கண்டதை ஒன்றுவிடாமல் அப்படியே வைத்திருப்பது. இருட்டாக விழுந்த இடத்தைக்கூடப் பிறகு கணினியில் ஸ்லைடரை இழுத்து வெளிச்சமாக்கலாம். ஜேபெக் அப்படியில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கேமராவே முடிவுசெய்து, வேண்டாததை அந்த நொடியே எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான்.

போனை வைத்துவிட்டு அலமாரிப் படத்தின் ராவைத் திறந்தாள். வெளியே மழை ஏசியின் தகரத்தில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட துணியின் ஈரவாசம் அறை முழுக்கத் தேங்கியிருந்தது, மின்விசிறி சுற்றுக்கொரு தரம் டக்கென்று ஒலித்து அடங்கியது. நிழலைத் தூக்கும் ஸ்லைடரை வலப்பக்கம் மெல்ல இழுத்தாள். அலமாரியின் கறுப்பு பழுப்பானது. மரத்தின் ரேகை தெரிந்தது, ஓர் ஆணி தெரிந்தது, ஆணிக்குக் கீழே ஒரு சட்டைக் காலரும், காலருக்கு மேலே நனைந்து ஒட்டிய முடியும் தெரிந்தன. யாரோ ஒரு ஆள் அலமாரிக்குள், உள்பக்கத்துப் பலகையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

நேற்று அந்த அலமாரிக்குள் தலையை விட்டுத் தூசி துடைத்தது அவள்தான். உள்ளே ஈயெறும்புகூட இல்லை.

அதே படத்தின் ஜேபெக்கைத் திறந்தாள். வெறும் கறுப்பு. எவ்வளவு இழுத்தாலும் கறுப்பு.

போன வாரம் எடுத்த வீட்டின் ராவில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அதே முதுகு. அதற்கு முந்தைய வீட்டில் மாடிப்படிக்கு அடியில். அவள் அலறவில்லை. கறிகாய் பொறுக்குகிறவள் போல ஒவ்வொன்றாகத் திறந்து, இழுத்து, மூடினாள். அப்படியே பின்னால் போய், கணவரின் கடைசிப் படத்துக்கு வந்து சேர்ந்தாள்.

இதே ஹால். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, "என்னை எதுக்குடி எடுக்கறே?" என்று அவர் சிரித்த படம். அவருக்குப் பின்னால் படுக்கையறைக்குப் போகும் நடைவழி, இருட்டு. இழுத்தாள். அங்கே முதுகு இல்லை. முகம் இருந்தது. அது கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள்தான் அவர் தூக்கத்திலேயே போனார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் ஒன்று மிச்சமிருந்தது. விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டி வாண்டு சிரிக்கும் படம். அதே சோபா. பின்னால் அதே நடைவழி. திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தாள்.

முதுகு முழுதாக இல்லை. ஒரு காது. கன்னத்தின் ஓரம். திரும்பிக்கொண்டிருந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடியிருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கால் எழவில்லை. மூன்று மாதமாக மரத்துக் கிடந்த மனசு ஒரே ஒரு கணக்குப் போட்டது. ஜேபெக்கில் அது இல்லை. ராவில் மட்டும்தான் இருக்கிறது. ரா இல்லாவிட்டால்?

எல்லா ராவையும் தேர்ந்தெடுத்தாள், கணவரின் சிரிப்பையும் சேர்த்து. நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றாள். கேமராவின் மெனுவைத் திறந்து, ராவை அணைத்து, ஜேபெக் மட்டும் என்று வைத்தாள். இனி இருட்டு இருட்டாகவே இருக்கும். அவளுக்கு நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

சரிபார்க்க ஒரு படம் போதும்.

"வாண்டு, இங்க பாரு."

"பல்லைக் காட்டணுமாம்மா?"

"வேணாம். சும்மா உக்காரு."

ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நடைவழி இருட்டு. கிளிக். வாண்டு மறுபடி குனிந்தாள், முனகல் தொடர்ந்தது. அவள் கணினிப் பக்கம் திரும்பி கார்டைச் செருகினாள். ஒரே ஒரு ஃபைல். ஜேபெக். திறந்தாள்.

நடைவழி பளிச்சென்று இருந்தது.

தரையின் ஒவ்வொரு டைல்ஸும் தெரிந்தது. சுவரின் விரிசல் தெரிந்தது. காலர் தெரிந்தது. நனைந்த முடி தெரிந்தது. முகம் முழுதாகத் திரும்பி, சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா அதில் ஒரு மயிரிழையைக்கூட விட்டுவிடவில்லை.

சோபாவில் கறுப்பு. மடக்கிய கால், இரட்டைப் பின்னல், குனியாத தலை, எல்லாம் வாண்டு உட்கார்ந்திருந்த அளவுக்கே வெட்டி எடுத்த கறுப்பு. அதன் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பென்சில் மட்டும் நின்றது.

ஸ்லைடரை இழுத்தாள். கறுப்பு விலகவில்லை. கடைசிவரை இழுத்தாள். முகம் வரவில்லை. ஒரு கண்கூட வரவில்லை.

ஜேபெக். எறிந்தது எறிந்ததுதான்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. அப்போதுதான் காதுகொடுத்துக் கேட்டாள். மழை கேட்டது. மின்விசிறி கேட்டது.

முனகல் எப்போது நின்றது?

"வாண்டு?"

ஈரமுடியின் வாசம். பின்னால் எங்கோ ஒரு சின்ன சத்தம், தரையில் உருள்வது. சிவப்புப் பென்சில் உருண்டு வந்து, அவள் குதிகாலில் இடித்து, நின்றது.

அவள் திரும்பவில்லை. ஸ்லைடரை இன்னொரு தரம் வலப்பக்கம் இழுத்தாள். அதற்கு மேல் போக இடமில்லை. இழுத்தாள். சோபாவில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதன் பின்னால், ஒவ்வொரு இமைமுடியும் எண்ணும்படி, அந்த முகம் இப்போது கேமரா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.