வாசலில் ஒரு ஜோடி ஷூ

"எங்கடி போயினு வர்ற, விடிஞ்சதும் விடியாததுமா?"

வாசற்படியை அடைத்துக்கொண்டு வடிவு நின்றிருந்தாள். கையில் கோலமாவு டப்பா. வாசல் தெளித்திருந்தது, கோலம் போடவில்லை. போட வேண்டியவள் இப்போதுதான் தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

நதியா முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ தெரிந்தது. தினமும் அதைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இன்று வடிவு முந்திக்கொண்டாள்.

"நடந்துட்டு வரேன் அண்ணி."

"நடந்துட்டா? கட்னவன் வயித்துல தண்ணி கோத்துக்கினு மூச்சு வுட முடியாம கெடக்குறான்... நீ ஷூ மாட்டிக்கினு ஊரு சுத்திட்டு வர்றியா? நல்லா இருக்குதுடியம்மா உன் குடித்தனம்!"

அடுத்த வீட்டுத் தறி சட்டென்று நின்றது. இந்தத் தெருவில் தறி நின்றால் ஒன்று நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும். நதியா அதையும் கவனித்தாள். டப்பாவை நாத்தனார் வடிவின் கையிலிருந்து வாங்கி, குனிந்து கோலம் போட ஆரம்பித்தாள். வடிவு இன்னும் ஏதேதோ சொன்னாள். நதியா புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நதியாவின் கணவன் சத்யராஜ் குடிக்காதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கல்லீரல் என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிள் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்ட கேள்வி, "எத்தினி வருசமா குடி?" என்பதுதான். சாயப்பட்டறையிலிருந்து தறிக்காரர் வீடுகளுக்குப் பட்டு நூல் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டினவன். டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஓசையில்லாமல் ஈரலைச் சுருக்கிவிட்டன. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிறு பெருத்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பான், இல்லையென்றால் இல்லை என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இறந்தவர் தரும் ஈரலுக்கு அவன் பெயரைப் பதிந்திருந்தார்கள். அதற்காக ஒரு செல்போன் எப்போதும் சார்ஜில் கிடந்தது. ஒருமுறை அந்தப் போன் அடித்தது. வாடகைக் கார் பிடித்து அலறியடித்து ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, அந்த ஈரல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வடிவு பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போன் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நதியாவால் அப்படி வேண்ட முடியவில்லை. அந்தப் போன் அடிக்க வேண்டுமென்றால் வேறு யாரோ ஒருத்தியின் வீட்டில் அழுகை கேட்க வேண்டும். அதை எந்தச் சாமியிடம், எப்படிக் கேட்பது?

சொந்தத்தில் யாராவது கொடுக்கலாம் என்றார்கள். வடிவு தெருவுக்கே கேட்கும்படி, "என் தம்பிக்கு நான் தரேன்!" என்று முன்னால் வந்து நின்றாள். அது வெறும் பேச்சில்லை, நிஜமாகவே தருவாள். ஆனால் ரத்த வகை சேரவில்லை. மகள் சிம்ரன் பிளஸ் டூ படிக்கிறாள், கொடுக்கும் வயது இன்னும் ஆகவில்லை. மிச்சம் இருந்தவள் நதியா.

சோதனை செய்துவிட்டு வெளியே வந்தவள் வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"எனக்கு ஒத்துவரல."

உள்ளே நடந்தது வேறு. "ரத்தமெல்லாம் சேருதும்மா. ஆனா உங்க ஈரல்லயும் கொழுப்பு இருக்கு. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் வேலை செய்யாது. கொறைச்சிட்டு வந்தீங்கன்னா பார்க்கலாம். சில பேருக்குக் கொறையும், சில பேருக்குக் கொறையாது," என்றார் டாக்டர். ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே சட்டிச் சோறு. அவனைப் படுக்கவைத்தது இவளையும் தொட்டுப் பார்த்திருந்தது.

இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை? சத்யராஜ் ஆரம்பத்திலேயே, "உன்ன அறுக்க வுட்டு நான் பொழைக்கமாட்டேன்மே. ரெண்டு பேரும் போயிட்டா சிம்ரனுக்கு யாரு? மீறி எதுனா செஞ்சின்னா மருந்தையே தொடமாட்டேன்," என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். அது ஒரு காரணம். குறையுமோ குறையாதோ என்று தெரியாத ஒன்றைச் சொல்லி, எல்லாரையும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது இன்னொரு காரணம். ஏற்கெனவே ஒரு போன் ஏமாற்றியது போதும்.

ஆகவே நடந்தாள். தெருவில் நடந்தால் கேள்வி வரும் என்று, வேகவதிப் பாலம் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் நடந்தாள். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் இல்லை. எண்ணெயை விட்டாள், இனிப்பை விட்டாள், சோற்றைக் கால்வாசி ஆக்கினாள். திரும்பி வந்து அவனுக்கு உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். குடித்தால் நாலு தடவை வெளியே போகவைக்கும் இனிப்பு மருந்தை அளந்து கொடுத்தாள். அது ஒரு வேளை தப்பினால் அவனுக்கு மூளை மந்தமாகிவிடும். பகலை இரவு என்பான், சிம்ரனை யாரென்று கேட்பான். ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பாள். நடுங்கவில்லையென்றால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

வேண்டாமென்று சொன்னவன் சத்யராஜ்தான். ஆனால் அவள் 'ஒத்துவரல' என்று சொல்லிவிட்டு வந்ததும் அவனுக்குள் என்னவோ ஆகிவிட்டது. கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமே, ஒருமுறை மல்லுக்கு நின்றிருக்கலாமே என்று நினைத்தான். மனிதன் அப்படித்தான். கை நீட்டச் சொன்னால் நீட்டினான். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வடிவின் மூத்த மகனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சத்யராஜைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மண்டபத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பந்தியில் வடிவு ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே மைசூர்பாகு வைத்துக்கொண்டு வந்தாள். நதியா இலையைக் கையால் மறைத்தாள்.

"வேணாம் அண்ணி."

"இன்னாது?"

"வேணாம் அண்ணி... மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

வடிவு தட்டோடு அப்படியே நின்றாள். சம்பந்தி வீட்டார் எதிர்ப்பந்தியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் புள்ள நிச்சயத்துல, என் கையால குடுக்குற இனிப்பு உனக்கு எறங்கலியா? புருசனுக்குத்தான் ஒண்ணும் தரமுடியலன்னு கைய விரிச்சிட்ட... அவன் படுத்த நாள்லேருந்து நீ உடம்ப எளச்சிக்கினு, ஷூ போட்டுக்கினு... யாருக்குடி அழகு காட்டப் போற? அவன் போனதுக்கு அப்புறம் எவன் வருவான்னு இப்பவே ரெடி ஆவுறியா?"

பந்தியில் சாம்பார் வாளி நின்றுவிட்டது. நதியா கணவனைப் பார்த்தாள். அவன் மயக்கத்தில் இருந்திருந்தால் மன்னித்திருப்பாள். காலையில் அவன் விரல் நடுங்கவில்லை, தெளிவாகத்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, எதிரே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு வலித்தது. வடிவு சொன்னதைவிட அவன் சொல்லாததுதான் அதிகம் வலித்தது.

இலையை மடித்துவிட்டு எழுந்தாள். மறுநாள் விடியலில் ஷூவைத் தேடினாள். வடிவு அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவே பார்க்க, எதிர்ப்பக்கச் சாக்கடையில் ஒவ்வொன்றாக வீசினாள். நதியா அவள் முகத்தைப் பார்த்தாள், சாக்கடையைப் பார்த்தாள். பிறகு செருப்புகூட மாட்டாமல் வெறுங்காலோடு வேகவதிப் பாலம் வரை போய்த் திரும்பினாள். பாதத்தில் சல்லி குத்தி ரத்தம் வந்திருந்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள்.

அதற்கு அடுத்த நாள் சத்யராஜுக்கு வயிற்றுத் தண்ணீர் எடுக்கும் நாள். இந்தமுறை வடிவும் கிளம்பினாள். "இவள நம்பி என் தம்பிய அனுப்பமாட்டேன்," என்று காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்து ஊசி குத்தித் தண்ணீர் வடிய ஆரம்பித்ததும், நதியா பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கப் போனாள்.

உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவில் காந்தா என்ற அம்மாள் இருந்தார். உறுப்பு கொடுக்க வருபவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அவர் வேலை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, நதியாவை உட்காரச் சொன்னார்.

"ஸ்கேன் நல்லா வந்திருக்கு நதியா. டாக்டருக்கே ஆச்சரியம். இப்ப நான் ஒண்ணு கேட்பேன், உண்மையச் சொல்லணும். உங்கள யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? புருஷன், மாமியார், நாத்தனார்... யாரா இருந்தாலும் சொல்லுங்க. வேணாம்னா, நீங்க பொருந்தலன்னு நாங்களே சொல்லிடுவோம். உங்க மேல பழி வராது."

இந்தச் சில மாதங்களில் நதியாவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இந்த அம்மாள்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணும் நிறைந்துவிட்டது.

"கட்டாயமா? எங்க வூட்ல யாருக்கும் தெரியவே தெரியாது மேடம்."

"அப்புறம் ஏன் தர்றீங்க?"

நதியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு இல்லாம சமைக்கக் கத்துக்கினேன் மேடம். அவரு ஒருத்தருக்காகத்தான் கத்துக்கினேன். அவரு இல்லன்னா அந்தச் சமையல வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

காந்தா பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுல நீங்களே சொல்லிடறீங்களா?"

"நீங்க சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்பமாட்டாங்க."

காந்தாவும் டாக்டரும் கட்டிலருகே வந்து சொன்னார்கள். தினமும் விடியலில் அவள் நடந்தது, பட்டினி கிடந்தது, முதல் சோதனையில் சொன்னது, இன்றைக்கு வந்த முடிவு, எல்லாவற்றையும் சொன்னார்கள். "இவ்ளோ சீக்கிரம் இவ்ளோ கொறைச்சவங்கள நான் அதிகம் பார்த்ததில்ல. ஆபரேஷன் வரைக்கும் இதே மாதிரி நடக்கணும்மா, விட்டுடாதீங்க," என்று நதியாவிடம் சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நதியாவின் காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியில் போய் நின்றது.

சத்யராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "வேணாம். நான் அன்னைக்கே சொன்னேன்... வேணாம் நதியா! உன்ன நான் அறுக்க வுடமாட்டேன்!"

நதியா அவன் தலையணையைச் சரிசெய்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மண்டபத்துல அண்ணி அவ்ளோ பேசுனப்ப நீங்க ஒரு வார்த்த பேசல. அப்ப பேசாத வாய் இப்பவும் பேச வேணாம்."

அவன் முகம் கோணியது. சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான், வயிற்றில் குத்தியிருந்த குழாய் விடவில்லை. வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தபடியே அழுதான். "நான் பாவிமே... உன்னப் போயி தப்பா நெனச்சேனே..." என்று சொல்லிச் சொல்லி அழுதான். நதியா அவன் கண்ணைத் துடைத்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் துடைத்த கை அவசரப்படவில்லை.

"அழுவாதீங்க. கைய நீட்டுங்க, நடுங்குதான்னு பாக்கறேன்."

நீட்டினான். நடுங்கியது. அது நோயின் நடுக்கமா அழுகையின் நடுக்கமா என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் வடிவு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே எதிர்ப்பக்கச் சாக்கடைக்குப் போனாள். பொழுது சாயும் நேரம். தெருவில் எல்லாரும் வெளியே இருந்தார்கள். அடுத்த வீட்டுத் தறி நின்றது. வடிவு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, துடைப்பக்கட்டையால் துழாவினாள்.

"இன்னா வடிவு தேடுற?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் தம்பி உசுர இங்கதான் தூக்கிப் போட்டேன். அதத் தேடுறேன்," என்றாள் வடிவு, நிமிராமலேயே.

மறுநாள் விடியலில் நதியா வாசலுக்கு வந்தபோது கோலம் போட்டிருந்தது. கோலத்தின் ஓரத்தில் ஷூ இரண்டும் இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்து, அடுப்பருகே காயவைத்திருக்க வேண்டும்; இன்னும் கொஞ்சம் ஈரமிருந்தது. பக்கத்தில் வடிவு கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். நதியாவைக் கண்டதும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இந்த வாய்ல புழுதான்டி வெக்கும்! அந்த வார்த்தையச் சொன்னேனே... நீ ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லிட்டு, கொறையாம போயிருந்தா, நீங்க ரெண்டாவது வாட்டி அழணும் அண்ணி. அதான்."

வடிவு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நதியாவும் அழுதாள், கொஞ்சமாக. பிறகு படியில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்தாள். இடதை வலதாக, வலதை இடதாக வைத்திருந்தாள் வடிவு. நதியா மாற்றி வைத்து மாட்டிக்கொண்டாள்.

"நானும் வரட்டா நதியா?"

"வாங்க அண்ணி. ஆனா வேகமா நடக்கணும். நீங்க பின்தங்கினா நான் நிக்கமாட்டேன்."

வடிவு கோலமாவு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு அவள் பின்னால் ஓடினாள்.