ஜன்னல் பக்கத்து மைக்குகள்

சனிக்கிழமை, மாலை 3.20.

உறையின் நாடாவை அவிழ்த்து மிருதங்கத்தை வெளியே எடுத்தார் இராமையா. எடுத்ததை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றார். வலந்தலைத் தோலில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. பக்கத்தில் நின்ற மாணவி சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். கச்சேரிக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில், பழைய துரை பங்களா ஒன்றில் பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி நடக்கிறது. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து வித்துவான்கள் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். இந்த மாதம் தமிழ்நாட்டிலிருந்து மூன்று பேர்: ஒரு பாடகி, ஒரு வயலின்காரர், மிருதங்கத்துக்கு இராமையா. மூவரில் பெயர் பெற்றவர் இராமையாதான். அவருக்காகவே மண்டபம் நிரம்பிக்கொண்டிருந்தது.

முனைவர் பட்டம் பெற்ற பள்ளித் தலைவர் கலாநிதி ஜீவராஜுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொலிஸைக் கூப்பிட்டால் நாளைக்குப் பத்திரிகையில் வரும். கூப்பிடாவிட்டால் வேறு யாரைக் கேட்பது? திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மக்பூல் உட்கார்ந்திருந்தார். போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மக்பூல் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, மூன்று மணிக்கு முன்பே வந்து இடம்பிடித்திருந்தார். பாட்டு, ராகம் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மிருதங்கம் வாசிக்கிற கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே எந்தக் கச்சேரிக்குப் போனாலும், மிருதங்கத்தின் இரண்டு தலைக்குமாகத் தாழ்வாக வைத்த இரட்டை மைக் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு அது ஜன்னல் பக்கம். ஜீவராஜ் வந்து காதில் விஷயத்தைச் சொன்னதும், நாற்காலியில் குடையை வைத்து இடத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் எழுந்தார்.

"மொதல்ல கச்சேரிய நடத்துங்க கலாநிதி. களவாணி எங்கயும் போகமாட்டான். வாசிக்க வேற ஆள் இருக்கா?"

எல்லோருடைய கண்களும் மதுரன் பக்கம் திரும்பின. கடைசி வருட மாணவன். பள்ளியின் மிருதங்கக்காரன் என்றால் அவன்தான். அவனும் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டான்.

"அந்தப் பொண்ணு வாசிக்கட்டும்," என்றார் இராமையா, சுலக்ஷனாவைக் காட்டி.

ஜீவராஜ் தயங்கினார். "ஐயா, அது இடக்கைப் பழக்கங்க."

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். அதனால் வலக்கைக்காரர் பாடகிக்கு வலப்பக்கம் உட்காருவார். இந்த மண்டபத்தில் அது சுவர்ப் பக்கம். இடக்கைக்காரர் அதே தலையை இடக்கையால் வாசிப்பார்; அவர் ஜன்னல் பக்கம் போக வேண்டும், வயலின்காரர் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். இந்தத் தொந்தரவு எதற்கு என்றே இடக்கைக்காரர்களைப் பலரும் கூப்பிடுவதில்லை. சுலக்ஷனா மூன்று வருடமாக அந்த மேடையில் பூக்கூடைதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கையா இருந்தா என்ன? ஆரம்பிக்கலாம் வாங்க," என்றார் பாடகி.

நான்கு மணிக்குச் சொன்னபடி கச்சேரி தொடங்கியது. பள்ளியின் மிருதங்கத்துக்கு ரவை ஒட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டு சுலக்ஷனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வயலின்காரர் வயலினை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். ஆள் மாறியும் மக்பூலுக்கு இடம் வீண்போகவில்லை. அவள் விரல் ஒவ்வொன்றும் அவருக்கு நேர் எதிரே விழுந்தது. முதல் பாட்டில் பயந்தாள். இரண்டாவதில் பயம் போய்விட்டது. தனி ஆவர்த்தனம் முடிந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில், தோட்டத்திலிருந்து வேலை முடித்து ஓடி வந்த அவள் அம்மா மீனம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "என் மகங்க, என் மகங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் ஆறு மணி வரைக்கும்தான்.

"மிருதங்கத்த தூக்கிட்டு வந்தது யாரு? வெட்டுப்பட்டதால மேடை கெடைச்சது யாருக்கு?" என்று மதுரன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். கேட்டபிறகு கேள்வி அங்கேயே நின்றது. திங்கட்கிழமை அவளுடைய பெயர் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகும், வேறு வழியில்லை என்றார் ஜீவராஜ். குழுவுக்குப் போன பெயர் பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை.

மாலை 6.15. ஜீவராஜின் அறை. மேசையில் வெட்டுப்பட்ட மிருதங்கம். மக்பூல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கத்தி தோலின் ஓரமாக வளைந்து போயிருந்தது. நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"கோவத்துல வெட்டுறவன் நடுவுல குத்துவான். இது யாரோ கை நடுங்கி வெட்டினது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சுலக்ஷனாவைக் கூப்பிட்டார்கள்.

"மிருதங்கம் எங்க இருந்திச்சு மகள்?"

"கெஸ்ட் ரூம்ல சேர். ஐயாவோட கட்டிலுக்குப் பக்கத்துல. மூணு மணிக்கு நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"வழியில எறக்கி வச்சீங்களா?"

"இல்லீங்க சேர். மழை தூறிச்சு. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தேன்."

"அவருக்கு வேற என்ன ஒத்தாசை பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே சொல்லல. தொப்பிக்கு ரவை பெசஞ்சு வைக்கவான்னு ரெண்டு தடவ கேட்டேன். அப்பறம் பாக்கலாம்னாங்க."

தொப்பி என்பது மிருதங்கத்தின் இடத்தலை. கச்சேரிக்குக் கச்சேரி அதில் ஈர ரவையை ஒட்டினால்தான் கும்மென்ற ஒலி வரும். மக்பூல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஒங்கள அவருக்கு முன்ன தெரியுமா?"

"வெள்ளிக்கெழம சாயந்தரம் பழகிக்கிட்டு இருந்தேன். ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டாங்க. பேரு மட்டும் கேட்டாங்க." அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வெட்டல சேர். எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்லருந்து கேம்பஸுக்கு வந்த மொத ஆளு நான். இந்தப் பேரோட எப்பிடி சேர் வீட்டுக்குப் போவேன்?"

மக்பூல் பொலிஸ் வேலையில் அழுகிறவர்களை நிறையப் பார்த்தவர். ஆனாலும் சற்றுமுன் கைதட்டு வாங்கிய கை இப்போது துப்பட்டா நுனியைப் பிசைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்தது மதுரன்.

"கோவமா தம்பி?"

"ஆமா சேர். எனக்கு வரவேண்டிய எடம் அது."

"காலையிலருந்து எங்க இருந்தீங்க?"

"மேடையில பூ கட்டிக்கிட்டு இருந்தேன். பொடியனுங்க பத்துப் பேரு கூட இருந்தாங்க. கேளுங்க."

கேட்டார்கள். உண்மைதான்.

அடுத்தது ரிஃகான். ஹட்டன் பஸாரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். இந்துக் கல்யாணம், முஸ்லிம் கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய மைக்தான். மக்பூலை அவன் 'நானா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, என்னையும் சந்தேகமா? நான் அந்த ரூம் பக்கமே போகல. பன்னெண்டு மணிக்கு விருந்தாளி வந்து எங்க எங்க மைக்குன்னு காட்டுனாங்க. வயர எல்லாம் டேப் போட்டு ஒட்டி, மேல கம்பளத்த விரிச்சிட்டேன். அதுக்குப் பெறகு மேடையில ஒண்ணையும் தொடல. புள்ள வாசிச்சது நல்லா கேட்டுச்சா நானா?"

"ரொம்ப நல்லா கேட்டுச்சு தம்பி."

பாடகியையும் வயலின்காரரையும் கேட்க ஒன்றுமில்லை என்றார் ஜீவராஜ். இருவரும் காலையிலேயே வேன் பிடித்து நீர்வீழ்ச்சி பார்க்கப் போய், மூன்று மணிக்குத்தான் திரும்பினார்கள். இராமையா மட்டும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கிவிட்டார்.

கடைசியாக இராமையா வந்தார். கம்பளிச் சால்வை கழுத்துவரை. ஜீவராஜ் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். இராமையா இடக்கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குங்களா ஐயா?"

"இல்லீங்க. தோல்தானே. மாத்திக்கலாம். விட்டுருங்க."

"நீங்க விட்டாலும் பள்ளிக்கூடம் விடாது. திங்கக்கெழம அந்தப் பிள்ளைய விசாரிக்கப் போறாங்க."

"அந்தப் பொண்ணையா?" கோப்பை பாதி வழியில் நின்றது. குடிக்காமலே அதை மேசையில் வைத்தார். பிறகு, "நாங்க காலைல ரயிலுக்குக் கிளம்புறோம்," என்றார்.

மக்பூல் வீட்டுக்குப் புறப்பட்டார். குடை நினைவுக்கு வந்தது. காலி மண்டபத்துக்குள் போய், தன் நாற்காலியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே இரட்டை மைக் அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்தார். மேடையேறிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். ரிஃகான் ஒட்டிய டேப் ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது.

வெளியே வந்து ஜீவராஜிடம் சொன்னார்: "காலையில ஸ்டேஷனுக்கு வாங்க. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹட்டன் ரயில் நிலையம்.

நடைமேடை முழுக்கப் பனிமூட்டம். பாடகியும் வயலின்காரரும் பெட்டிகளோடு நின்றார்கள். இராமையா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிருதங்கம் பக்கத்தில். ஜீவராஜ் முன்னால் வர, சுலக்ஷனா நாலடி தள்ளியே வந்தாள்.

"ஐயா," என்றார் மக்பூல், பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஒங்க கையப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்தவன். அதனாலதான் இத நேத்து நாலு பேருக்கு முன்னால சொல்லல. தோல வெட்டினது நீங்க."

ஜீவராஜ் வாயைத் திறந்தார். மக்பூல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பு என் கண்ணு முன்னாலயே இருந்திச்சு, நான்தான் பாக்கல. மூணு மணிக்கு முந்தியே நான் ஜன்னல் பக்கம் போய் ஒக்காந்தேன். ஏன்? ரெட்ட மைக் அங்க நின்னிச்சு. வெட்டு தெரிஞ்சது மூணு இருவதுக்கு. நீங்க வலக்கைக்காரர். நீங்க வாசிக்கிறதா இருந்தா அந்த மைக் சுவர்ப் பக்கம்தான் நிக்கணும். வெட்டு தெரியிறதுக்கு முந்தியே, இடக்கை ஆளுதான் வாசிக்கப் போறாங்கன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு."

"ஆளு மாறின பெறகுதான் மைக்க மாத்துனாங்கன்னு நெனச்சேன்," என்றார் ஜீவராஜ்.

"நாங்க எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சோம். வயரு கம்பளத்துக்கு அடியில ஒட்டிக் கெடக்கு, பிரிச்ச அடையாளம் இல்ல. பன்னெண்டு மணிக்கு விருந்தாளி வந்து காட்டுனாங்கன்னு ரிஃகான் சொன்னான். அந்த நேரம் பள்ளிக்கூடத்துல இருந்த விருந்தாளி ஒருத்தர்தான். மத்த ரெண்டு பேரும் நீர்வீழ்ச்சியில." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ரவைய அப்பறம் பாக்கலாம்னு தள்ளிப் போட்டீங்க. ஏன்னா வாசிக்கப் போறதில்ல. கத்தி பிடிச்சும் கரணையத் தொட மனசு வரல. நேத்து தேத்தண்ணிய இடக்கையால வாங்குனீங்க. எங்க ஐயா, ஒங்க வலக்கையக் காட்டுங்க."

இராமையா சால்வைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்தார். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

"ஒரு வருஷமா இப்படித்தாங்க. வெந்நீர்ல வச்சு எப்படியோ ஓட்டிக்கிட்டு இருந்தேன். இந்தக் குளிர்ல சுத்தமா முடியல. வெள்ளிக்கிழமை இந்தப் பொண்ணு வாசிச்சதைக் கேட்டேன். தோல் கிழிஞ்சிட்டா எனக்கும் மானம் போகாது, அதுக்கும் ஒரு மேடை கிடைக்கும்னு நினைச்சேன்."

"மைக்க ஏன் தொட்டீங்க? அத விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"முதல் கச்சேரிங்க. மைக் சரியில்லாம கெட்டுப்போகக் கூடாதுன்னு பார்த்தேன். அதை மட்டும் விட முடியல."

மக்பூலுக்குக் கேஸ் முடிந்த சந்தோஷம் வரவில்லை. அந்த விரல்களை அவர் எத்தனை மேடைகளில் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறார்.

சுலக்ஷனா முன்னால் வந்தாள். ராத்திரி தூங்காத கண்.

"நேத்து எம்மேல பழி விழுந்தப்ப ஏங்க ஐயா பேசாம இருந்தீங்க?"

"வெட்கம்மா. வேற ஒண்ணுமில்ல."

"கை முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் அதே எடத்துலதாங்க ஐயா ஒக்காந்திருப்பேன். அதே மாதிரிதான் வாசிச்சிருப்பேன். எங்கம்மா ராத்திரி பூரா அழுதிருக்க மாட்டாங்க." அவள் அழவில்லை. "இனிமே என் மொத கச்சேரிய நெனச்சா எல்லாருக்கும் வெட்டுன தோலுதான் ஞாபகம் வரும்."

இராமையா தலை குனிந்தார்.

ரயில் வந்தது. பாடகியும் வயலின்காரரும் ஏறினார்கள். இராமையா பெஞ்சை விட்டு எழுந்து, ரயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நீங்க போங்க ஐயா," என்றார் ஜீவராஜ். "குழுவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"இல்லீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளைங்க எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். அதே மேடையில. கையையும் காட்டுறேன்."

ரயில், நிலையத்தைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தது. வாசல் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். விருந்தாளிகளுக்குத் தூக்கிக் கொடுத்த பழக்கதோஷத்தில் சுலக்ஷனாவின் கை மிருதங்க உறையின் பட்டியைப் பிடித்தது.

"வேண்டாம்மா," என்றார் இராமையா. "ஒரு தடவை தூக்கினதுக்கே நீ பட்டது போதும்."

இடக்கையால் பட்டியைத் தூக்கித் தோளில் மாட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் உதவப் போகவில்லை. சுலக்ஷனா கையை எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு முன்னால் நடந்தாள்.